எலுமிச்சை ஊறுகாய் என்ற ஃபோல்டர்

ஏப்ரல் 21, திங்கள்

புது ரவுட்டர் வந்திருக்கிறது. வீட்டில் பிள்ளை பிறந்த மாதிரி இவர் அதைத் துடைத்து, மேசையில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்க்கிறார். மீனா பஜாரில் துணிக்கடை வேலை. மனசு மட்டும் எப்போதும் வயர் மேல். இர்ஷாத் என்று பெயர் வைத்ததற்கு எலக்ட்ரீஷியன் என்றே வைத்திருக்கலாம் என் மாமியார்.

அதற்கு நாலு கொம்பு. பின்னால் ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகிவிட்டால் வீட்டின் எந்த ரூமில் இருந்தும் படம் பார்க்கலாமாம். எந்த ரூமில் இருந்தும்! இருப்பது ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு ஆள் உள்ளே போனால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய கிச்சன். பர் துபாயில் இதற்கே அல்ஹம்துலில்லாஹ். சிரித்தால் கோபம் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டவர், அலமாரியைக் குடைந்து கம்பளிக்கு அடியில் இருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது சும்மாதானே கெடக்கு?"

சும்மா கிடப்பதா அது? மின்ஹா கல்யாணம் அல்லவா அது!

என் தங்கை மின்ஹாவின் கல்யாணம் ஜனவரியில் காயல்பட்டினத்தில் நடந்தது. எங்கள் பக்கம் பெண்கள் பகுதி தனி. அதை வீடியோ எடுக்கவும் ஒரு பெண்தான் தூத்துக்குடியில் இருந்து வந்தாள். வெளி ஆண் வாசம் கிடையாது என்பதால் எல்லாரும் தலைத்துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு அவரவர் சுபாவத்துக்கு இருந்தோம். பாட்டு, கேலி, கும்மி. மாப்பிள்ளையைப் பெற்ற மாமியார்கூடப் பச்சைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினார். அந்த அம்மாள் வெளியே வந்தால் விரல் நுனிகூடத் தெரியாது.

எடிட் பண்ணி வர மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் மின்ஹா, மாப்பிள்ளை யஹ்யாவோடு குவைத், ஃபஹாஹீலுக்குப் போய்விட்டாள். நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போன என்னிடம் உம்மா இந்த டிஸ்க்கைத் தந்தார்கள். இது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து உம்மா அழிக்கச் சொல்லிவிட்டார்கள். நெட்டில் அனுப்பக் கூடாது, வேறு எதிலும் ஏற்றக் கூடாது, மின்ஹா கையில்தான் சேர வேண்டும். தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை, தன் கல்யாணத்தை இதுவரை பார்க்காத ஒரே ஆள் மின்ஹாதான். குனிந்த தலை நிமிராமல் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தாள். "ராத்தா, என் கல்யாணத்துல நான் பாத்தது என் கால் மருதாணியும், வந்தவங்க கொலுசும்தான்" என்பாள்.

சரி, இவரிடம் என்ன சொல்வது? முந்தியே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். ஆண்பிள்ளைகள் எதைத் திறக்கவே மாட்டார்கள் என்று யோசித்து, அந்த ஃபோல்டருக்கு 'எலுமிச்சை ஊறுகாய் செய்முறை' என்று பெயர் மாற்றியிருந்தேன். இவர் டிஸ்க்கைத் திறந்தார், பார்த்தார், "ஊறுகாயா?" என்றார், பத்துப் பதினைந்து சினிமாவைப் பக்கத்தில் கொட்டினார், ரவுட்டரில் சொருகினார். திறக்கவே இல்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் 26, சனி

கிச்சனில் மீன் பொரித்துக்கொண்டே ஃபோனில் படம் பார்த்தேன். எந்த ரூமில் இருந்தும். நல்லாத்தான் இருக்கு.

மே 3, சனி

பக்கத்து ஃபிளாட்டுக்கு ஆள் குடி வந்தாயிற்று. சிவகங்கைப் பக்கத்துக்காரர்கள். அவர் பெயர் சோலையப்பன், கிரேன் ஓட்டுகிறாராம். அவர் மனைவி நாகவள்ளி, ஊரிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் படித்த பெண். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டாள் போலிருக்கிறது. என்னிடம் வந்து மாட்டினாள், அல்லது நான் அவளிடம் மாட்டினேன்.

புருஷன் கருக்கலில் டூட்டிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரம்தான் வருகிறார். பாவம், இந்தப் பிள்ளை நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யும்? நான் மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்தேன். அந்தக் கிண்ணத்திலேயே காரக்குழம்பு வந்தது. அடேங்கப்பா, நாக்கில் வைத்ததும் காது வழியாகப் புகை வந்தது.

இன்னும் அவர்களுக்கு நெட் வரவில்லையாம். இவர் உடனே நம் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்பதற்கு முன்னாடியே கொடுக்கிற குணம். இதற்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன், இதற்காகத்தான் திட்டவும் செய்கிறேன்.

மே 6, செவ்வாய்

மின்ஹா பேசினாள். ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்கு துபாய் வருகிறார்கள்! டிக்கெட் போட்டாயிற்று. "டிஸ்க்கு பத்திரமா ராத்தா?" என்றாள். பத்திரம்டி, ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கு என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

மே 12, திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பால்கனியில் நாகவள்ளியும் துணி உதறிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சினிமாப் பாட்டாக்கும் என்று இருந்தேன். அப்புறம் வார்த்தை காதில் விழுந்தது.

குவைத்துக்காரரு குடை கொண்டு வந்தாரு
மின்ஹா முகம் பாத்து மீனை மறந்தாரு

எங்கள் சொந்தத்து உம்மு சல்மா மாமி கட்டிய பாட்டு! மருதாணி இரவில், மாப்பிள்ளையைக் கேலி பண்ண, அங்கேயே உட்கார்ந்து மாமி இட்டுக்கட்டிப் பாடியது. மின்ஹா பெயர் இருக்கிறது அதில். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது.

கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

எப்படி? டிஸ்க் என் வீட்டில். ரவுட்டர் என் வீட்டில். பேய் பிசாசா?

மே 12, சாயங்காலம்

பேய் இல்லை. என் புருஷன்.

"அந்த ரவுட்டர்ல சொருகினது யாருக்கெல்லாம் தெரியும் மச்சான்?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். நம் வைஃபையில் யார் இருந்தாலும் அவங்க டிவியில் தெரியும் என்றார், பெருமையாக. பக்கத்து வீட்டுக்குமா? ஆமா, சோலையப்பனிடம் நானேதான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு அவர் சிநேகிதர்கள் வந்து நம்ம படத்தைத்தான் பார்க்கிறார்கள், 'இர்ஷாத் பாய் தியேட்டர்'னு பேரே வச்சுட்டாங்க என்றார்.

தியேட்டராம். தியேட்டர்!

அதில் மின்ஹா கல்யாணம் இருக்கிறது என்று சொன்னதும் இவர் முகம் போன போக்கை எழுத முடியாது. "ஊறுகாய்னு போட்டிருந்துச்சே" என்றார். ஊறுகாய்னுதான் போட்டேன், உங்களுக்காகப் போட்டேன், பக்கத்து வீட்டுக்குப் படம் போட்டது யார்?

மே 13, செவ்வாய்

நாகவள்ளி பார்த்திருக்கிறாள், அது நிச்சயம். அவள் பெண், பார்த்தால் போகட்டும். அவள் புருஷன் பார்த்தாரா? ஞாயிற்றுக்கிழமைக் கும்பல் பார்த்ததா? மின்ஹாவின் மாமியார் பச்சைச் சேலையில் ஆடியதை ஏதோ ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருந்து வந்த பத்துப் பேர் சோறு தின்றுகொண்டே பார்த்திருந்தால் — யா அல்லாஹ் — அது அந்த அம்மாள் காதுக்குப் போனால் மின்ஹா அந்த வீட்டில் எப்படித் தலை நிமிர்வாள்? மாப்பிள்ளை வீட்டார் நம்பித்தானே எடுக்க விட்டார்கள்.

நேரே கேட்டுவிடலாம்தான். ஆனால் அந்த ஆட்கள் இதுவரை பார்க்காமல் இருந்து, நான் கேட்டதால் என்னடா அது என்று திறந்து பார்த்தால்?

டிஸ்க்கை எடுத்துவிடுங்கள் என்று இவரிடம் சொன்னேன். சோலையப்பன் கோவித்துக்கொள்வாரே, மெதுவாக ஒரு காரணம் சொல்லி எடுக்கிறேன் என்கிறார். இவருக்கு எல்லாரும் வேண்டும்.

மே 15, வியாழன்

துப்பு விசாரித்தேன். நாகவள்ளியிடம், உங்க வீட்டுக்காரருக்கு என்ன படம் பிடிக்கும் என்று கேட்டேன். சண்டைப் படம்தானாம். பாட்டு வந்தாலே ஓட்டிவிடுவாராம். கொஞ்சம் மூச்சு வந்தது. கல்யாணம் கச்சேரியெல்லாம் பார்ப்பாரா என்று கேட்டேன். அவள் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, ஏன்க்கா என்றாள். சும்மா என்றேன்.

இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை.

மே 18, ஞாயிறு

பகல் சாப்பாட்டு நேரம். இவர் கடையில். பக்கத்து வீட்டில் ஆண்கள் குரல், ஏழெட்டுப் பேர் இருக்கும். டிவி சத்தம் சுவரைத் தாண்டி வருகிறது. திடீரென்று எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், ஒருவர் விசில் அடித்தார்.

அவ்வளவுதான். எனக்கு என்ன ஆனதென்று தெரியாது. ஓடிப்போய் ரவுட்டர் பின்னால் இருந்த வயரைப் பிடித்து வெடுக்கென்று உருவினேன். அடுத்த வீட்டில் "அய்யய்யோ" என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. டிஸ்க்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

மே 19, திங்கள்

டிஸ்க் திறக்கவில்லை.

லேப்டாப்பில் சொருகினால், இதை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்தலாம், செய்யட்டுமா என்று கேட்கிறது. எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று மரியாதையாக வேறு கேட்கிறது.

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவக் கூடாது நஜீஹா, முதலில் அதை நிறுத்தச் சொல்லி, அது சரி என்ற பிறகுதான் எடுக்க வேண்டும் என்றார். இதை ஒரு மாசத்துக்கு முன்னாடி சொன்னால் என்ன? கொம்பைத் துடைத்தீங்களே, அப்பச் சொன்னால் என்ன? கத்திவிட்டேன். அப்புறம் அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் டீ குடித்தோம்.

மே 20, செவ்வாய்

அல் ஃபஹீதியில் ரிப்பேர் கடை எத்தனையோ இருக்கிறது. செத்த டிஸ்க்கையும் எழுப்பிவிடுவார்களாம். ஆனால் எழுப்பியது சரியாக ஓடுகிறதா என்று அவர்கள் ஓட்டிப் பார்க்க வேண்டுமே. பார்ப்பது யார்? ஆண்கள். ஒரு சுவருக்குப் பயந்து உருவியதை இப்போது கடைத்தெருவில் கொண்டுபோய் விரிப்பதா? பெண்கள் நடத்தும் ரிப்பேர் கடை இருக்கிறதா என்று தேடினேன். மெஹந்தி போட, புருவம் திருத்த, துணி தைக்க எல்லாவற்றுக்கும் இருக்கிறது. இதற்கு இல்லை.

இவரே ஏதோ மென்பொருள் இறக்கி முயன்றார். நீங்களும் பார்க்கக் கூடாதே என்றேன், கொழுந்தியாள் கல்யாணம் அல்லவா. கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன் என்றார். ராத்திரிச் சோறு வரைக்கும் மெய்யாகவே பாதி நேரம் தலையைத் திருப்பிக்கொண்டு தட்டினார். நல்ல மனுசன். சினிமாக்கள் ஒன்றிரண்டு மீண்டன. ஊறுகாய் மீளவில்லை.

வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்.

மே 24, சனி

நாகவள்ளி கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு அவள் மேல்தான் கோபம். அடுத்தவர் வீட்டு ஃபோல்டரை எதற்குத் திறக்கிறாள்? கம்ப்யூட்டர் படித்தால் போதுமா, இங்கிதம் வேண்டாமா? நான் மட்டும் அவள் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்தேனா?

மே 28, புதன்

மின்ஹாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் ஃபோனை எடுத்தேன். பிஸ்மியும் சொல்லிக்கொண்டேன். அவள் முந்திக்கொண்டாள். ஃபஹாஹீல் கடைத்தெருவில் ஒரு புது உடுப்பு வாங்கியிருக்கிறாளாம், ரோஸ் கலர், ஜரிகை வைத்தது. பெருநாளுக்கா என்றேன்.

"பெருநாளுக்கு வேற இருக்கு. இது வீடியோ பாக்க. என் கல்யாணத்துக்கு நானும் விருந்தாளியாப் போறேன்ல ராத்தா, சும்மாவா போறது?"

நல்லா இருக்கும்டி, போட்டுட்டு வா என்று சொல்லி வைத்துவிட்டேன். இனி நான் எப்படிச் சொல்வேன்?

மே 31, சனி

உம்மா ஃபோன். எடுக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் மறுபடி கதவு தட்டல். இந்தத் தடவை திறந்தேன். நாகவள்ளி, கையில் என் இன்னொரு சம்பல் கிண்ணம், கழுவித் துடைத்தது. அதை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, பாஸ்வேர்டு மாத்துனதப் பத்திக் கேக்கலக்கா. எங்களுக்கு நெட்டு வந்துருச்சு. நீங்க பேசாததுதான் கஷ்டமா இருக்கு. நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?"

நாள் கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசவெல்லாம் எங்கே போனதோ. "மின்ஹா பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே கூட்டி உட்காரவைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். வந்த புதிதில் எலுமிச்சம்பழம் வாங்கி ஊறுகாய் போடப் பார்த்திருக்கிறாள், கசந்துவிட்டது. டிவியில் படம் தேடும்போது 'எலுமிச்சை ஊறுகாய் செய்முறை' என்று வந்திருக்கிறது. பாய் வீட்டு ஊறுகாய் எப்படி இருக்கும் பார்ப்போம் என்று திறந்தாளாம்.

"ஊறுகா வரவே இல்லக்கா. ஒரே பொம்பளைங்களா, சிரிப்பும் பாட்டுமா வந்துச்சு. இப்ப வரும், இப்ப வரும்னு பாத்தேன். அப்புறம் ஊறுகா மறந்துருச்சு."

அப்புறம் தினமும் புருஷன் டூட்டிக்குப் போனதும் அதைப் போட்டுவிட்டுத்தான் வேலை பார்த்திருக்கிறாள். வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருந்ததாம். எல்லாரையும் அடையாளம் தெரிகிறது அவளுக்கு. சீரியலுக்குப் பெயர் வைப்பதுபோல, வெற்றிலை ஆத்தா, மூக்குத்தி மாமி, பச்சைச் சேலை அம்மா என்று எல்லாருக்கும் பெயர். நான்தான் 'சோத்துத் தட்டு அக்கா'வாம். போகிற வருகிற இடமெல்லாம் தட்டோடுதான் நிற்கிறேனாம். அது பொய் என்று சொல்ல முடியாது.

உன் வீட்டுக்காரர் பார்த்தாரா? அந்த ஆட்கள் பார்த்தார்களா? இதைக் கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஊறுகான்னு எழுதியிருக்கறத எந்த ஆம்பளக்கா தொறப்பான்? ஒருநாள் இவரு சீக்கிரம் வந்துட்டாரு, டக்குனு அணைச்சுட்டேன். உங்க வீட்டுப் பொம்பளைங்க தலைல துணி இல்லாம உங்க வீட்டுக்குள்ள இருக்காங்க. அத ஆம்பள பாக்கக் கூடாதுன்னு யாராச்சும் எனக்குச் சொல்லியா தரணும்?"

கொஞ்சம் பொறுத்து, "ஆனா கேக்காமப் பாத்தேன்ல. அது தப்புத்தான்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு? ஏதோ சண்டைப் படத்தில் வில்லன் சாக்கடையில் விழுந்தானாம். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுபோய், ஹீரோ காலைத் தூக்கியபடி உறைந்துவிட்டானாம். அந்த 'அய்யய்யோ' அதற்குத்தான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே டிஸ்க் செத்த கதையைச் சொன்னேன், மின்ஹா வாங்கிய ரோஸ் உடுப்பு வரைக்கும்.

நாகவள்ளி எழுந்து நின்றுவிட்டாள். "செத்துப்போச்சா? அய்யோ அக்கா, என்கிட்ட இருந்ததையும் நான் அழிச்சுட்டேனே!"

என்ன இருந்தது உன்னிடம்? சுவரைத் தாண்டி வரும் வைஃபையில் வீடியோ நின்று நின்று சுற்றிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு துண்டாகத் தன் லேப்டாப்பில் காப்பி பண்ணி வைத்துப் பார்த்திருக்கிறாள். நான் பேசாமல் போனதும் இதுதான் காரணமாக இருக்கும் என்று பயந்து, நேற்றுத்தான் எல்லாவற்றையும் அழித்தாளாம்.

நேற்று. ஒருநாள் முந்தி நான் கதவைத் திறந்திருந்தால்! அவள் என் கையைப் பிடித்தாள், திடீரென்று விட்டாள், "இருங்கக்கா, குப்பைத்தொட்டி!" என்று ஓடினாள். செருப்புக்கூடப் போடாமல் நானும் பின்னால் ஓடினேன். கிச்சன் குப்பைத்தொட்டியைக் கிளறப் போகிறாளோ என்று நினைத்தேன். லேப்டாப்பில் ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. அழித்ததெல்லாம் முதலில் அங்கேதான் போய்க் கிடக்குமாம்.

கிடந்தது. ஊறுகாய் 1, ஊறுகாய் 2, ஊறுகாய் 3…

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். மூன்றாவதைத் திறந்து காட்டினாள். உம்மு சல்மா மாமி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, குவைத்துக்காரரு என்று ஆரம்பித்தார்கள். நான் நாகவள்ளியைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு குப்பைத்தொட்டியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

மொத்தம் எட்டு. ஏழுதான் இருக்கிறது. எட்டாவதை அவள் காப்பி பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் நின்றுபோனதாம். எப்போது என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்பளைங்க ஹால்ல படம் பார்த்தாங்க, நான் கிச்சன்ல லேப்டாப்ப வச்சிருந்தேன் என்றாள்.

நான் உருவியது அதைத்தான்.

ஜூன் 3, செவ்வாய்

எட்டாவது துண்டில் என்ன இருக்கிறது? நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை பெண்கள் பக்கம் வந்து, மின்ஹாவைப் பார்க்கும் இடம். போயும் போயும் அது. கல்யாணத்தில் மற்றதெல்லாம் பக்கவாத்தியம், அதுதானே கல்யாணம்.

இவர் புது டிஸ்க் வாங்கி வந்தார். ஏழையும் அதில் போட்டாயிற்று, நாகவள்ளி போட்டாள், இவர் ஹாலில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவளே தன் லேப்டாப்பில் அழித்தாள். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிக் காட்டினாள்.

ஜூன் 5, வியாழன்

வந்துவிட்டார்கள். மின்ஹா கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறது. யஹ்யா தம்பி வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டில் ஊறுகாய் இல்லையா மைனி என்று கேட்டார். எனக்குப் புரையேறியது. இவர் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பெருநாள். தொழுகை, பிரியாணி, ஊருக்கெல்லாம் ஃபோன். உம்மா ஃபோனை எடுத்தேன். பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டி போனது.

மத்தியானம் ஆண்கள் தூங்கியதும் மின்ஹாவைக் கிச்சனுக்குள் இழுத்து எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் என்றால் எட்டாவது துண்டைத் தவிர. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்ததைச் சொன்னதும் பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பரைப் பிய்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், என் மாமியார் ஆடினதையுமா என்றாள். அதைத்தான் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றேன். இதை மாமியிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது, எனக்கு வாய் அரிக்குமே ராத்தா என்று சிரிக்க ஆரம்பித்தாள். நாளைக்கு அந்தப் பெண்ணையும் கூப்பிடு என்றாள்.

ஜூன் 7, சனி

சாயங்காலம் இவரும் யஹ்யாவும் வெளியேற்றப்பட்டார்கள். சோலையப்பனும் அவர்களோடு. க்ரீக் கரையில் டீ குடித்துவிட்டு, நான் ஃபோன் பண்ணினால்தான் வர வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் என்ன தப்புப் பண்ணினோம் என்று சோலையப்பன் கேட்டாராம். ஊறுகாய் போடுகிறார்கள், ஆண் நிழல் படக் கூடாது என்று இவர் சொன்னாராம். அவரும் நம்பிவிட்டாராம்.

மின்ஹா ரோஸ் உடுப்பில் வந்து உட்கார்ந்தாள். வளையல், மல்லிகைப்பூ, அத்தர் எல்லாம். நாகவள்ளியும் பட்டுச் சேலையில் வந்தாள், தட்டில் வெற்றிலை பாக்கோடு. நான் மட்டும் நைட்டியில் இருந்தேன். ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன். கல்யாணத்துக்கு வந்துவிட்டு இப்படியா இருப்பது?

நாகவள்ளியைப் பார்த்து மின்ஹா முதலில் கேட்டது, "நான் எப்படி இருந்தேன்?"

"உங்க மொகம் இன்னிக்குத்தாங்க பாக்குறேன். அத்தன தடவ பாத்தும் ஒரு தடவகூட நீங்க தலையத் தூக்கல. உங்க வகிடு வேணா நல்லாத் தெரியும் எனக்கு."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வீடியோவைப் போட்டோம். மின்ஹா முன்னால் நகர்ந்து நகர்ந்து டிவியில் முட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டாள். ஒவ்வொருவராக நாகவள்ளிதான் முன்கூட்டிச் சொன்னாள், இப்ப பாருங்க, வெற்றிலை ஆத்தா இவங்க காலை மிதிப்பாங்க. இப்ப பாருங்க, உங்க அம்மா கதவுக்குப் பின்னாடி போய் அழுவாங்க. உம்மா அழுததை அன்றைக்கு நானே பார்க்கவில்லை. மின்ஹா வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சைச் சேலை வந்தபோது மூன்று பேரும் உருண்டு சிரித்தோம். தட்டோடு நான் வந்த இடங்களுக்கெல்லாம் ஒரு கைதட்டல்.

நடுவில் மின்ஹா, டிஸ்க்கைத் தான் கொண்டுபோவதற்கு முன் ஃபோல்டர் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்றாள். யஹ்யாவுக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காதாம், முதல் நாளே திறந்துவிடுவாராம். ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் 'துவைத்த துணி மடிப்பது எப்படி' என்று வைத்தோம். அது யுக யுகத்துக்கும் பத்திரம்.

ஏழாவது முடிந்து திரை கறுத்தது. மின்ஹா அடுத்ததுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாகவள்ளி என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எட்டாவது போய்விட்டதுடி என்றேன். நான்தான் உருவினேன், என் அவசரப் புத்தி. மாப்பிள்ளை உள்ளே வருகிற இடம் அதில்தான் இருந்தது, உன் கல்யாணத்திலேயே பெரிய இடத்தை உனக்கு இல்லாமல் பண்ணிவிட்டேன். சொல்லும்போதே அழுதேன்.

மின்ஹா என் சேலைத் தலைப்பை எடுத்து என் முகத்தைத் துடைத்தாள்.

"போனாப் போவுது ராத்தா. அது ஒண்ணுதான் நான் பாத்தது. அவுக வந்தப்பதான் தலையத் தூக்குனேன்."

நாகவள்ளி மூன்றாவது துண்டை மறுபடி போடட்டுமா என்று கேட்டாள். போட்டாள். மாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆரம்பித்தார்கள், நாகவள்ளி கூடவே பாடினாள், மின்ஹாவும் பாடினாள், தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். வெளியே மூன்று ஆண்பிள்ளைகளும் நான் ஃபோன் பண்ணும் முன்னே வந்து காலிங் பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் பாட்டு முடிந்துதான் திறந்தோம்.